ஐம்பது வயதைக் கடந்த செஸ்னா 172: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஹியூஸ்டனுக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறு விமான நிலையத்தில் 1974ஆம் ஆண்டுச் செஸ்னா 172 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பழைய விமானத்தில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்வது பாதுகாப்பானதா என்பது முதலாவது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பறப்பதைவிடச் சொந்தமாக வைத்திருப்பது மலிவாக இருக்குமா என்பது இரண்டாவது. விற்பவர் தந்த விவரங்களையும் எழுதியிருக்கிறீர்கள்: விமானம் மொத்தம் 3,900 மணிநேரம் பறந்திருக்கிறது, எஞ்சின் 2001இல் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டு, அதன் பிறகு 900 மணிநேரம் ஓடியிருக்கிறது, கடந்த மூன்று ஆண்டுகளில் பறந்தது வெறும் 22 மணிநேரம், ஹேங்கர் (விமானக் கொட்டகை) கிடையாது, திறந்த வெளியில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் விடை தேட வேண்டிய கேள்வி இவ்விரண்டுக்கும் அடியில் இருக்கிறது: இந்த விமானம் இதுவரை எப்படிக் கிடந்தது, இனி உங்கள் கையில் எவ்வளவு அடிக்கடி பறக்கும்? பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தை அது பறந்த மணிநேரங்களைவிடப் பறக்காமல் கிடந்த மாதங்களே அதிகம் கெடுக்கின்றன என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய விமானங்களைப் பிரித்துப் பூட்டிவரும் மெக்கானிக் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

விமானத்துக்குள் போவதற்கு முன் ஒரு சட்டச் செய்தி. நீங்கள் எச்-1பி விசாவில் இருப்பதாகவும் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை என்றும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் விமானி உரிமம் பெறக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் விமானத்தைத் தம் பெயரில் பதிவுசெய்ய, தனிநபராக இருந்தால், அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அமெரிக்க நண்பர் ஒருவருடன் பாதிப் பாதியாகச் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கினாலும் இத்தடை எளிதில் நீங்காது. குடிமக்களின் நிறுவனமாகக் கருதப்பட, அதன் வாக்குரிமையில் 75 விழுக்காடாவது குடிமக்களிடம் இருக்க வேண்டும், நிர்வாகத்திலும் மூன்றில் இரு பங்கினர் குடிமக்களாக இருக்க வேண்டும். உங்கள் நிலையில் உள்ளவர்கள் பொதுவாக ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டின் வழியே வாங்குகிறார்கள்: குடியுரிமை பெற்ற அறங்காவலர் ஒருவர் சட்டப்படி உரிமையாளராகப் பதிவேட்டில் இருப்பார், விமானத்தைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கும், ஆண்டுதோறும் அதற்கு ஒரு கட்டணம் இருக்கும். இதை விமானத் துறை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டுதான் செய்ய வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஓக்லஹோமா நகரத்தில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் இந்த விமானத்தின்மேல் கடன் பாக்கி எதுவும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் தேடச் சொல்லிவிடலாம்.

இனி வயதைப் பற்றி. செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956இல். இன்றுவரை 44,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன. வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. வழக்குச் செலவுகளுக்கு அஞ்சி 1986இல் செஸ்னா இதன் உற்பத்தியை நிறுத்தியது. தயாரிப்பாளரின் பொறுப்புக்கு 18 ஆண்டு எல்லை விதித்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1996இல்தான் மறுபடி தொடங்கியது. அந்தப் பத்தாண்டு இடைவெளியின் காரணமாகவே, நம்மைப் போன்றோர் எட்டக்கூடிய விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 1986க்கு முந்தியவையாக இருக்கின்றன. ஆகவே நீங்கள் பார்த்திருப்பது அரிய பழம்பொருள் அன்று. உதிரிபாகங்கள் கிடைக்கின்றன, இதைத் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பறந்ததால் வரும் உலோகச் சோர்வைப் பொறுத்தவரை 3,900 மணிநேரம் இந்த உடற்கட்டுக்குப் பெரிய சுமையே இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் 10,000 மணிநேரத்தைக் கடந்த 172கள் இன்றும் அன்றாடம் பறக்கின்றன. பயிற்சி விமானத்துக்கு இல்லாத ஆபத்து ஒன்று இதற்கு உண்டு: கடற்காற்றில் அசையாமல் நின்றிருப்பது.

அக்காலச் செஸ்னா விமானங்களில், நீர்விமானமாக மாற்ற ஏற்பாடு கேட்டு வாங்கியவற்றைத் தவிர, உட்புற அலுமினியத் தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு பெரும்பாலும் பூசப்படவில்லை. வெளியே புது வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் வெள்ளை மாவு போன்ற அரிப்பு ஊர்ந்துகொண்டிருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கேபினின் கூரைக்கு மேலே, இரு இறக்கைகளின் முன் ஸ்பார்களும் (இறக்கையின் நீளவாட்டில் ஓடி எடையைத் தாங்கும் முதன்மைச் சட்டங்கள்) வந்து சேரும் குறுக்குச்சட்டம். கதவுகளை ஒட்டிய தூண்களின் அடிப்பகுதி. கம்பளத்துக்குக் கீழே தரைத்தகடு. உட்சுவரில் ஒட்டிய பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் இடங்கள். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால்பரப்பான எலிவேட்டரில் உள்ள டிரிம் டேப் என்ற சிறு மடல். இந்த டிரிம் டேபின் உள்ளே நுரைப்பொருள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். இறக்கையின் அடியில் உள்ள ஆய்வு மூடிகளைத் திறந்து கண்ணாடியும் விளக்கும் கொண்டு ஸ்பார் முழுவதையும் பார்க்க வேண்டும். மேலோட்டமான அரிப்பைச் சுரண்டிச் சுத்தம்செய்து பூச்சுப் பூசலாம். ஸ்பாரின் உலோகம் ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கியிருந்தால் அந்த விமானத்தை அப்போதே மறந்துவிடுங்கள். இறக்கையை மாற்றும் செலவு அதன் விலையையே விழுங்கிவிடும்.

மூக்குச் சக்கரத்தின் பின்னே உள்ள ஃபயர்வாலின் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் உலோகச் சுவரின்) கீழ்ப்பகுதியில் சுருக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயிற்சி விமானியர் மூக்கை முதலில் தரையில் மோதி இறக்குவதால் இந்த வகையில் அடிக்கடி ஏற்படும் சேதம் அது. அதைக் கண்டால், புரொப்பெல்லர் எப்போதாவது தரையைத் தொட்டதா, தொட்டபின் எஞ்சின் விதிப்படி திறந்து பார்க்கப்பட்டதா என்பதற்கு லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) பதிவு இருக்க வேண்டும். தாமே நேரில் கண்டதாகச் சொல்லும் எவருடைய வாய்ச்சொல்லும் இதில் சான்றாகாது.

எஞ்சினுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். இந்த ஆண்டு மாடலில் இருப்பது 150 குதிரைத்திறன் கொண்ட லைகாமிங் ஓ-320; எளிமையான, மிகவும் நம்பத்தக்க நான்கு சிலிண்டர் எஞ்சின். இதைப் பிரித்துப் புதுப்பிக்க லைகாமிங் பரிந்துரைக்கும் கால எல்லை 2,000 மணிநேரம் அல்லது 12 ஆண்டுகள். விளம்பரங்களில் முதல் எண்ணை மட்டும் எழுதுவார்கள். உங்களிடமும் '1,100 மணிநேரம் மிச்சம் இருக்கிறது' என்றே விற்பவர் சொல்லியிருக்கிறார். தனியார் பயன்பாட்டுக்கு அந்த இரு எல்லைகளில் எதுவும் சட்டப்படிக் கட்டாயமில்லை. எல்லை கடந்தும் நன்றாக ஓடும் எஞ்சின்களை நானே பராமரித்துவருகிறேன். ஆயினும் அவை யாவும் வாரந்தோறும் பறப்பவை.

காரணம் இந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. லைகாமிங்கில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே, கிராங்க்கேஸ் என்ற எஞ்சின் கூட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். சில வாரங்களில் கேமின் மேடுகளில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, எரிப்பில் பிறந்த நீராவியும் அமிலமும் உலோகத்தைத் தொடும். ஊசிமுனைத் துருப்புள்ளிகள் விழும். பிறகு எஞ்சினை ஓட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் உரசும் டேப்பட்டின் (கேம் தள்ளும் உருளையின்) முகத்தைச் செதிலாகப் பெயர்க்கத் தொடங்கும். இது பெரும்பாலும் நடுவானில் எஞ்சினை நிறுத்திவிடுவதில்லை. மெல்ல மெல்லச் சக்தி குறையும், எண்ணெய் ஃபில்டரில் இரும்புத் துகள் தென்படும், கடைசியில் எஞ்சினை முழுதாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. இந்த வேலைக்கு இன்று முப்பதாயிரம் டாலரை ஒட்டிய தொகையை எதிர்பார்க்க வேண்டும். மேலும் ஆகலாமே தவிர அதிகம் குறையாது.

இந்த எஞ்சினின் கேம் கெட்டிருக்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஓட்டிப் பார்த்தும் சொல்ல முடியாது. சிலிண்டர் அழுத்தச் சோதனையில் எண்பதுக்கு எழுபத்தைந்து என்று வந்தால் வால்வும் ரிங்கும் நன்றாக இருக்கின்றன என்று அறியலாம். கேமைப் பற்றி அது எதுவும் சொல்லாது. போரஸ்கோப் என்ற நுண்கேமராவைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தால் வெளியேற்று வால்வு ஒரு பக்கமாகக் கருகுகிறதா, சுவரில் துரு இருக்கிறதா என்று தெரியும். சுவரில் துரு இருந்தால் கேமிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கலாம், அது ஊகமே. எண்ணெய் ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்ப்பது நல்ல சான்று. ஆனால் மூன்று ஆண்டில் 22 மணிநேரமே ஓடிய எஞ்சினில் துகள் இன்னும் உதிரத் தொடங்காமல் இருக்கலாம். உறுதியான வழி, ஒன்றிரண்டு சிலிண்டரைக் கழற்றிக் கேமை நேரே பார்ப்பதுதான்.

'மாதம் ஒரு முறை தரையிலேயே ஸ்டார்ட் செய்து ஓட்டி வைத்திருக்கிறோம்' என்று விற்பவர் சொல்வதை நீங்கள் நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். அது ஓட்டாமல் விடுவதைவிடவும் கெடுதல். தரையில் ஓடும் எஞ்சினின் எண்ணெய், ஈரம் ஆவியாகி வெளியேறும் அளவுக்குச் சூடேறுவதில்லை; புதிய நீராவிதான் உள்ளே சேரும். ஒரு மணிநேரமாவது தொடர்ந்து பறக்க வேண்டும், எண்ணெய் வெப்பம் 180 பாரன்ஹீட்டை ஒட்டி நிலைக்க வேண்டும், அதுவும் கடலோர ஈரக்காற்றில் வாரம் ஒரு முறை என்ற அளவிலாவது நிகழ வேண்டும் என்பதே என் பரிந்துரை. ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணிநேரத்துக்கு ஒரு முறையோ நான்கு மாதத்துக்கு ஒரு முறையோ, எது முந்துகிறதோ அப்போது எண்ணெய் மாற்ற வேண்டும்; குறைவாகப் பறப்பவர்கள் இந்த நான்கு மாதத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இந்த மாடல் 80 ஆக்டேன் பெட்ரோலுக்காகக் குறைந்த அழுத்த விகிதத்தில் வடிவமைக்கப்பட்டது. இன்று நிலையங்களில் கிடைக்கும் 100 எல்.எல். எரிபொருளில் ஈயம் அதைப்போல நான்கு மடங்கு வரை இருக்கும். அந்த ஈயம் கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்குகளில் மணிமணியாகப் படியும். காலையில், பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்களின் சோதனையின்போது எஞ்சின் தடுமாறும். தரையில் ஓடும்போது எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் குமிழைத் துணிந்து பின்னுக்கு இழுத்து எரிபொருளைக் குறைத்து ஓட்டினால் இத்தொல்லை பெரிதும் குறையும். பல வாடகைப் பள்ளிகள் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆவணங்களில் மூன்றைக் கேளுங்கள்: 1974 முதல் இடைவெளியின்றி உள்ள லாக்புக்குகள், பெரிய பழுதுபார்ப்புகளையும் மாற்றங்களையும் காட்டும் 337 படிவங்கள், ஏ.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள் ஒவ்வொன்றும் எப்போது, எப்படி நிறைவேற்றப்பட்டது என்ற பட்டியல். உற்பத்தியாளர் விடும் சர்வீஸ் புல்லட்டின்கள் தனியார் பயன்பாட்டில் அறிவுரை மட்டுமே, ஏ.டி. அப்படியன்று, அதை நிறைவேற்றாத விமானம் பறக்கத் தகுதியற்றது. எல்லா ஏ.டி.க்களிலும் இந்த வகைக்கு நான் மிக முக்கியமாகக் கருதுவது இருக்கைத் தண்டவாளத்தைப் பற்றியது, 2011-10-09 என்ற எண்ணுடையது. தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தாலோ பூட்டு ஊசி சரியாக விழாவிட்டாலோ, விமானம் மேலெழும் கணத்தில் விமானியின் இருக்கை பின்னுக்கு நழுவும். அவர் பற்றியிருக்கும் யோக்கும் (கட்டுப்பாட்டுப் பிடியும்) கூடவே பின்னுக்கு வரும். மூக்கு செங்குத்தாக நிமிரும். உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பெல்ட் போட்டபின் இருக்கையைப் பலமாக முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடுப்பு பொருத்தப்படவில்லை என்றால் பொருத்தச் செய்யுங்கள்.

செலவுக் கணக்கு நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குச் சிக்கலானதன்று. எரிபொருள் மணிக்கு 8 முதல் 9 கேலன் ஆகும். கேலன் 6 டாலர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 50 டாலர் சொச்சம். இது வாடகையைவிட மிகக் குறைவாகத் தோன்றுவதால்தான் பலர் வாங்கத் துணிகிறார்கள். ஆனால் ஹேங்கர், காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை, உங்கள் நிலையில் அறக்கட்டளைக் கட்டணம் ஆகிய நான்கும் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்துகொண்டிருக்கும். எஞ்சினுக்கு மணிக்கு 15 டாலர் ஒதுக்கினால் 2,000 மணிநேரத்தில் முப்பதாயிரம் சேர்ந்துவிடும் என்று ஏட்டில் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 50 மணிநேரம் பறப்பவருக்கு அந்த 2,000 மணிநேரம் நிறைய நாற்பது ஆண்டுகள் ஆகும், எஞ்சினோ அதற்கு வெகுமுன்பே துருவால் போய்விடும். ஆண்டுக்கு 100 மணிநேரத்தைத் தாண்டினால்தான் சொந்த விமானம் வாடகையோடு போட்டியிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அது அனுபவத்தில் பிறந்த குத்துமதிப்பு. ஊரின் வாடகையையும் ஹேங்கர் விலையையும் பொறுத்து மாறும். மலிவு என்ற காரணத்துக்காக மட்டும் வாங்குவதென்றால் வேண்டாம் என்பேன். நினைத்த நேரத்தில் கிளம்பலாம், விமானத்தின் ஒவ்வொரு திருகும் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதற்காக என்றால் அது நல்ல காரணம்.

பராமரிப்பில் உங்கள் பங்கு பெரிது. விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருப்பதற்கு முதற்பொறுப்பு, சட்டப்படி, மெக்கானிக்குடையது அன்று, உரிமையாளருடையதும் இயக்குபவருடையதும்தான். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழு விமானத்தையும் திறந்து பார்த்துக் கையெழுத்திடுவார். மீதி நாட்களில் கண்ணாக இருக்க வேண்டியவர் நீங்கள். எண்ணெய் மாற்றுவது, பிளக் கழற்றிச் சுத்தம்செய்வது, டயர், பேட்டரி, விளக்கு மாற்றுவது போன்ற வேலைகளைத் தனியார் விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தாமே செய்து லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திட விதி 43இன் பிற்சேர்க்கை இடம் தருகிறது. முதல் ஆண்டில் இவற்றை ஒரு மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். ஆண்டுப் பரிசோதனை முடிந்து வரும் விமானத்தில் முதல் பயணம் தனியாக, பகலில், ஓடுபாதையின் மேலேயே இருக்கட்டும். கழற்றிப் பூட்டியதில் விட்டுப்போனது எதுவும் இருந்தால் அப்போதுதான் வெளிப்படும். உங்கள் பகுதியில் மண்குளவிகள் அதிகம். இடது இறக்கைத் தாங்குதண்டின் பின்னே உள்ள எரிபொருள் டேங்கின் காற்றுக்குழாயிலும் வேகமானிக்குக் காற்று தரும் பிட்டோ குழாயிலும் அவை ஒரே நாளில் மண்ணை அடைத்துவிடும். காற்றுக்குழாய் அடைத்தால் டேங்க் நிறைய எரிபொருள் இருக்க எஞ்சின் பட்டினி கிடக்கும்.

பறப்பதில், வாடகைக்கு எடுத்துப் பழகிய புதிய 172க்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளில் இரண்டு ஆபத்தானவை. 1974ஆம் ஆண்டு மாடலின் வேகமானி மணிக்கு மைலில் காட்டும். நீங்கள் கற்றது 'நாட்' (மணிக்குக் கடல்மைல்) கணக்கில். இறங்கும்போது '65' என்ற பழைய எண்ணை மனத்தில் வைத்து மைல் முள்ளை அங்கே நிறுத்தினால், உண்மையில் 56 நாட் வேகத்தில் வந்துகொண்டிருப்பீர்கள். அடுத்து, இதன் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) 40 பாகை வரை இறங்கும். 1981ஆம் ஆண்டு மாடலில் செஸ்னா அதை 30 ஆகக் குறைத்தது. 40 பாகையில் ஓடுபாதையை நோக்கி வெகு சரிவாக இறங்கலாம். இறங்காமல் மறுபடி மேலேற நேர்ந்தால் 150 குதிரைத்திறனுக்கு அந்த இழுவை பெரும்பாரம். முதலில் 20 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஏற்றத்தை நினைக்க வேண்டும். எடையையும் கவனியுங்கள்: உச்ச எடை 2,300 பவுண்டு; காலி எடை ஏறத்தாழ 1,450 என்று வைத்து, பயன்படுத்தக்கூடிய 38 கேலன் எரிபொருளையும் நிரப்பினால், ஆட்களுக்கும் சாமானுக்கும் 620 பவுண்டுதான் மிஞ்சும். நான்கு இருக்கை என்பதால் நான்கு பெரியவர்களை ஏற்ற முடியாது. ஹியூஸ்டனில் 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் கடல்மட்ட ஓடுபாதைகூட 2,000 அடிக்கு மேலே இருப்பதைப் போல நடந்துகொள்ளும். ஈரக்காற்றில் கார்புரேட்டரில் பனி உறைவதற்குக் குளிர்காலம் வேண்டியதில்லை. வெளியே 20 டிகிரி இருக்கும்போதும் உறையும். கேபினைச் சூடாக்கும் காற்று சைலன்சரைச் சுற்றிவந்தே உள்ளே வருவதால், அதில் விரிசல் விழுந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும்; ஒலியெழுப்பும் மின்னணுக் கண்டுபிடிப்பான் ஒன்றை முதல் நாளே வாங்கிவையுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: நன்கு பராமரிக்கப்பட்டு அடிக்கடி பறக்கும் 1974ஆம் ஆண்டு விமானத்தில் என் குடும்பத்தைத் தயங்காமல் ஏற்றுவேன்; நீங்கள் எழுதியுள்ள விமானத்தில், திறந்து பார்க்கும் வரை ஏற்ற மாட்டேன். விற்பவருக்கும் அதை இதுவரை பராமரித்தவருக்கும் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை நீங்களே பணம் கொடுத்து அமர்த்துங்கள். முதலில் ஸ்பாரையும் ஆவணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றிலேயே தோற்றால் எஞ்சினைத் தொடும் செலவு மிச்சம். அதைத் தாண்டினால் போரஸ்கோப். பிறகு, மறுபடி பூட்டும் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லி, சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்க விற்பவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேம் சுத்தமாக இருந்தால் அவர் கேட்கும் விலையைப் பேசலாம். அவர் அனுமதி மறுத்தால், எஞ்சினில் ஒரு மணிநேரமும் மிச்சமில்லை என்று கருதி, முழுப் புதுப்பிப்புக்கான தொகையை விலையில் கழித்து உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு அவர் இசையாவிட்டால் வேறு விமானம் பாருங்கள்.